பின்சீட்டில் ஆள் இருப்பதாக நம்பிய கார்

ரோடு டெஸ்ட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே,

ஓய்வு பெற்றவன் வாயைத் திறந்தால் அறிவுரை கொட்டும் என்று நீங்கள் பயப்படுவது நியாயம்தான். நானும் உங்கள் வயதில் பயந்தேன். ஆனால் காரைக்குடியில் இந்த ஒர்க்‌ஷாப்பில் நான் பார்த்த வேலையைத்தான் இப்போது நீங்கள் பார்க்கப் போகிறீர்கள். அதனால் வேறு வழியில்லை, கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நம் வேலை என்ன? மற்றவர்கள் திருகி முடித்த வண்டியை ஓட்டிப் பார்த்து, ‘கொடுக்கலாம்’, ‘கொடுக்கக் கூடாது’ என்ற இரண்டில் ஒன்றைச் சொல்வது. அவ்வளவுதான். கைத்தொழில்காரன் கையால் பிழைக்கிறான், வாத்தியார் வாயால் பிழைக்கிறார், நான் உட்காரும் இடத்தால் பிழைத்தேன். வண்டியில் என்ன கோளாறு என்பது காதுக்குத் தெரிவதற்கு முன்னால் அந்த இடத்துக்குத் தெரிந்துவிடும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இறக்கிய வண்டிகள் உங்களிடம் நிறைய வரும். ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி, வண்டியின் வயிறு தரையோடு பேசும்படி ஆக்கிவிட்டு, ‘லோயர் பண்ணிருக்கேன்’ என்று மார்தட்டுவார்கள். இறக்குவது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். பொறாமைக்காரன் என்று பெயர் வாங்க எனக்கு ஆசையில்லை. அளவெடுத்து, ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஜோடியாக மாற்றி, மற்றதையெல்லாம் அதற்கேற்பத் திருத்தி இறக்கிய வண்டியை ஓட்டியிருக்கிறேன். திருப்பத்தில் சாயாது. ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். வேகத்தில் காற்று அடியில் புகுந்து தூக்காது. ஓட்டிவிட்டு இறங்க மனசே வராது.

நம் பக்கம் நடப்பது வேறு. யாரோ ஒருவர் கட்டரை எடுத்து ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எறிந்துவிட்டு, ‘முடிஞ்சது, போங்க’ என்கிறார். அப்புறம் என்ன, வேகத்தடையைக் கண்டால் வண்டி குறுக்காக நண்டு மாதிரி ஏறும். சின்னப் பள்ளத்துக்கே வண்டி தடுப்பு ரப்பரில் முட்டி, முதுகுத்தண்டு மணி அடிக்கும். டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்து, வெளியே பார்க்கப் புதுசாகவே இருக்கும். இப்படி இறக்கிய ஒருத்தருக்கு ஹெட்லைட் வெளிச்சம் பம்பருக்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்குத்தான் விழுந்தது. ‘பள்ளம் நல்லாத் தெரியுதுண்ணே’ என்று அவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். விழுந்த பிறகுதானே தெரியும் என்று நான் கேட்கவில்லை. வாடிக்கையாளர் அல்லவா.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற தொல்லைகள். தெரியாத ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

வைரவன் என்று ஒரு பையன். விவசாயக் குடும்பம். அப்பா வயலைப் பார்த்துக்கொண்டார், இவன் மண் அள்ளும் எந்திரங்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான், அவனுக்குத் தன் கார்மேல் இருந்த காதல் மட்டும் அளவுக்கு மீறியது. பிரேக் போட்டால் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லாத பழைய மாடல். மதுரையில் எங்கேயோ கொடுத்து இறக்கியிருந்தான். எங்களிடம் வந்தது டயர் தேய்மானத்துக்காக. அலைன்மென்ட் பார்த்து முடித்த அன்று அவனுக்குக் கல்யாணம். கண்டனூரில் ஒரு பெரிய வீட்டைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முகூர்த்தம் முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தக் காரில் பிள்ளையார்பட்டி போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. வைரவனே ஓட்டுவான், காரில் அவர்கள் இருவர் மட்டும். மற்றவர்கள் வேனில் பின்னால் வரவேண்டும். மேலே பறக்கும் கேமராவுக்குக்கூட அவன் சொல்லி வைத்திருந்தான்.

வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. டெலிவரியும் டெஸ்ட்டும் ஒன்றாக முடிந்துவிடும் என்று கிளம்பினேன். லேசான தூறல். ஊரைத் தாண்டும்வரை வண்டி தேன் மாதிரி போனது. திருப்பத்தில் அது ஒட்டிக்கொண்டு போன அழகைப் பார்த்து, ‘பயல் சொன்னது சரிதான்’ என்று எனக்கே ஆசை வந்தது.

கண்மாய்க்கரை ரோட்டில் நாலைந்து ஆடுகள் குறுக்கே வந்தன. பிரேக்கை மிதித்தேன். வழக்கமாக மிதிப்பதுதான், உயிர் போகிற மிதி இல்லை. வண்டியின் பின்பக்கம் சட்டென்று விலகி என்னை முந்தப் பார்த்தது. ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லை. ஒன்றரைச் சுற்று. கண்மாய்த் தண்ணீர், பனைமரம், ஆடு, மறுபடி கண்மாய். வண்டி நின்றபோது அதன் மூக்கு கருவேலம் புதருக்குள் இருந்தது, முகம் வந்த வழியே காரைக்குடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற இடம்தான் மிச்சம்.

ஆட்டுக்காரர் நிதானமாக நடந்து வந்து கண்ணாடி வழியே குனிந்து பார்த்தார்.

“என்னண்ணே, எதையும் மறந்துட்டு வந்துட்டீகளா? அங்குட்டே திரும்பிட்டீக.”

ஆடு ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டியை உருட்டிக்கொண்டு நடக்கிற வேகத்தில் கண்டனூர் போய்ச் சேர்ந்தேன்.

முகூர்த்தம் முடிந்திருந்தது. நாதஸ்வரக்காரர் காபி குடித்துக்கொண்டிருந்தார். வண்டியைக் கண்டதும் நாலு பேர் பூமாலையோடு ஓடிவந்து அதன்மேல் விழுந்தார்கள். நான் வண்டிக்கு அடியில் பார்க்கக் குனிந்தேன். தலை போகவில்லை. ஜாக்கி கொடுத்துத் தூக்கலாம் என்றால், வண்டி கிடந்த கிடையில் ஜாக்கியும் நுழையவில்லை. கடைசியில் போனில் டார்ச்சைப் போட்டு, கையை மட்டும் உள்ளே விட்டு நாலு படம் எடுத்து எங்கள் ஃபோர்மேனுக்கு அனுப்பினேன். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளில் பெரும்பகுதி அவர் கற்றுக் கொடுத்தது. மீதி இருக்கும் நல்ல பழக்கங்களும் அவர் கொடுத்தவைதான். உடனே கூப்பிட்டார்.

“லோடு வால்வப் பாத்தியா? பய வண்டிய இறக்குனவன் அதத் தொடவே இல்ல. பின்னால ஆளு இருக்குன்னு நம்பிக்கிட்டுக் கெடக்குடா அது.”

புதியவர்களுக்கு ஒரு வரி விளக்கம். அந்த மாதிரிப் பழைய வண்டிகளில் பின் அச்சுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு கம்பி, கம்பியின் முனையில் ஒரு வால்வு. பின்சீட்டில் ஆள் ஏறினால் உடம்பு தாழும், கம்பி தள்ளும், பின்சக்கரத்துக்குப் பிரேக் கூடுதலாகப் போகும். ஆள் இல்லையென்றால் குறைவாகப் போகும். வால்வுக்குக் கண் கிடையாது, உயரத்தை வைத்துத்தான் அது ஆள் கணக்குப் பார்க்கும். வண்டியை இறக்கியதும், காலிச் சீட்டிலேயே ஒரு குடும்பம் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு காலியான பின்சக்கரங்களை இறுக்கிப் பிடித்தது. ஈர ரோட்டில் அவை பூட்டிக்கொண்டு வழுக்கின. காய்ந்த ரோட்டில் மெதுவாக ஓட்டினால் ஆயுசுக்கும் தெரியாது.

முன்னால் இரண்டு பேர், பின்னால் யாரும் இல்லை, வானத்தில் தூறல். அந்த வண்டி ஆளைக் கொல்லுவதற்கு என்னென்ன வேண்டுமோ அதையெல்லாம் பார்த்துப் பார்த்து வைரவன் ஏற்பாடு செய்திருந்தான்.

“கம்பியத் தளத்திச் சரிபண்ணிடவா?” என்று கேட்டேன்.

“போட்டோவுல போல்ட்டு துருப்பிடிச்சுக் கெடக்கு. நீ முறுக்குவ, அது முறியும். அப்புறம் உள்ள பிரேக்கும் போயிரும். கை வைக்காத. மாப்பிள்ளைட்ட சொல்லி வேற வண்டியில போகச் சொல்லு.”

போய்ச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் சங்கடம். நம் ஊர்க் கல்யாண வீட்டில், தாலி ஏறிய சூட்டோடு, ‘விபத்து’ என்ற சொல்லை எவன் வாயிலிருந்து எடுப்பது? ‘வண்டி கவுந்துரும்’ என்றால் முதலில் கவிழ்வது நான்தான். ‘போயிரும்’, ‘முடிஞ்சிரும்’ என்றுகூடச் சொல்லக்கூடாது. அபசகுனம் பிடித்தவன் என்று துண்டைப் பிடித்து இழுத்து வெளியே விட்டுவிடுவார்கள், வண்டி அப்போதும் கிளம்பிவிடும்.

“தம்பி, பிரேக்குல சின்ன வேலை பாக்கி இருக்கு. இன்னைக்கு வேன்ல போயிட்டா நல்லது” என்றேன்.

வைரவன் மாலைக்கு நடுவிலிருந்து சிரித்தான். “அண்ணே, நேத்து வரைக்கும் நாந்தான ஓட்டுனேன்? பிரேக்கு கல்லு மாதிரி நிக்கும். சாவியக் குடுங்க. ராகு காலம் பொறக்குறதுக்குள்ள வெளியேறணும்னு பெரியவுக கத்துறாக.”

“இல்ல தம்பி, மழை ஈரத்துல...”

“எம் பொண்டாட்டிய நான் வேன்ல கூட்டிட்டுப் போகவா? அத்தனை பேரு முன்னாடியும்? என்னண்ணே நீங்க!”

அவன் முகத்தைப் பார்த்தேன். இதற்காக எத்தனை மாதம் கனவு கண்டானோ. வாதாடினால் குரல் உயரும், கூட்டம் கூடும், அவன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கோபத்தோடு ஓட்டுவான். சாதாரணமாக ஓட்டுகிறவனைவிடக் கோபத்தோடு ஓட்டுகிறவன் ஆபத்து. மறுபடி ஃபோர்மேனைக் கூப்பிட்டேன்.

“கேக்க மாட்டேங்கிறான். சாவிய எடுத்துட்டு ஓடிரவா?”

“ஓடுனா காலை ஒடிப்பாய்ங்க” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வண்டி பின்னால ஆளு இருக்குன்னு நம்புதுல? ஆள ஏத்து. நல்லாக் கனமான ஆளா ஏத்து. அது நம்புறது நெசமாயிட்டா அது பாட்டுக்கு நேரா நிக்கும். வகுறு தரையில ஒரசும், ஒரசட்டும்” என்றார்.

நல்ல யோசனைதான். ஆனால் புதுமாப்பிள்ளையின் காரில், அவன் ஆசை ஆசையாய்க் காலி செய்து வைத்த பின்சீட்டில், யாரை எப்படி ஏற்றுவது?

பந்தலோரம் வைரவனின் பெரிய அயித்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இல்லை, நாற்காலி அவருக்குள் எங்கேயோ இருந்தது. பார்த்த உடனே என் மனசு குளிர்ந்தது. பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினேன்.

“அயித்தை, ஒங்களுக்குத் தெரியாதது இல்ல. தாலி ஏறுன மொத நாளு பொண்ணு மாப்பிள்ளைய வண்டியில தனியா அனுப்புறதில்லயே. பின்னால ரெண்டு சுமங்கலி ஒக்காரணும், அரிசி கூடவே போகணும்னு ஒரு சாஸ்திரம் உண்டுல்ல?”

அப்படி ஒரு சாஸ்திரம் அந்த நொடிவரை உலகத்தில் இல்லை. நான் சொல்லி முடித்த மறுநொடி அது பழங்காலத்திலிருந்து இருந்தது.

“அடியாத்தி, ஆமால்ல!” என்று அயித்தை மார்பில் கை வைத்தார். “எங்க வீட்டுலயும் அதானே வழக்கம்! இந்தப் பயக எல்லாத்தையும் மறந்துட்டாய்ங்க!”

பெண்ணின் சித்தி எங்கிருந்தோ வந்தார். தங்கள் பக்கத்தில் இரண்டு சுமங்கலி கிடையாது, மூன்று என்றார். தங்கள் வீட்டில்தான் இது முதலில் வந்தது என்று இன்னொரு பெரியவர் சேர்ந்துகொண்டார். கார் வருவதற்கு முன்னால் மாட்டுவண்டியில் எப்படி உட்கார்ந்தார்கள் என்று ஒருவர் விளக்கமே சொன்னார். மூன்று என்று முடிவாகிவிடும்போல இருந்தது. நான் குறுக்கிட்டு, இரண்டு சுமங்கலி, மூன்றாவதாக வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தவன், அதுதான் முறை என்றேன். சாஸ்திரம் எழுதுகிறவனுக்கு அதில் ஒரு சீட்டு ஒதுக்கிக்கொள்ளும் உரிமை உண்டு. ஓட்டுகிறவன் தவறு செய்தால் பக்கத்தில் நான் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் எனக்கு வேறு தைரியம் இல்லை.

சமையல் கட்டிலிருந்து இரண்டு அரிசிச் சிப்பம் வந்து டிக்கியில் ஏறியது. பின்சீட்டில் நடுவே நான், ஒரு பக்கம் அயித்தை, மறுபக்கம் சித்தி. வண்டி ‘முக்’ என்று ஒரு சத்தம் போட்டு உட்கார்ந்தது. வைரவன் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் எங்கள் மூவரையும் பார்த்த பார்வையை எழுத முடியாது. சாஸ்திரம் என்று அத்தனை பேரும் சொன்ன பிறகு அவனால் என்ன செய்ய முடியும்? நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். பிரேக்கைப் பற்றி எலுமிச்சம்பழத்துக்கு என்ன தெரியும்? கிளம்பினோம்.

தெருமுனை வேகத்தடையிலேயே வயிறு உரசியது. “ஏய்யா, நாம கார்ல போறமா, தரையில தேய்ச்சுக்கிட்டுப் போறமா?” என்றார் அயித்தை. வைரவன் பல்லைக் கடித்தான். மணப்பெண் வள்ளி முன்சீட்டில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தது. சிரிப்பை அடக்குகிறது என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது. ‘மெதுவாத் தம்பி, மெதுவா’ என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். காரைக்குடி தாண்டும்வரை கேட்டான். குன்றக்குடி ரோடு அகலமாக வந்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை, மிதித்துவிட்டான். தூறலும் வலுத்தது.

முன்னால் போன டவுன் பஸ், யாரோ கை காட்டினார்கள் என்று, நட்டநடு ரோட்டில் நின்றது. அது நம் ஊர் வழக்கம், உண்மையான சாஸ்திரம்.

வைரவன் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தான். காலையில் விலகிய அந்தப் பின்பக்கம் இப்போது விலகப் போகிறது என்று உட்காரும் இடத்தை இறுக்கிக்கொண்டேன். விலகவில்லை. அயித்தையும் சித்தியும் அரிசியும் சேர்ந்து அழுத்திய பின்சக்கரங்கள் ரோட்டை விடவில்லை. வண்டி கோடு கிழித்தாற்போல் நேராகப் போய், பஸ்ஸின் பின் பம்பருக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றது.

பஸ் ஆளை ஏற்றிக்கொண்டு போனது. வைரவன் திரும்பினான். முகமெல்லாம் பூரிப்பு.

“பாத்தீகளா அண்ணே! லோயர் பண்ணுனா பிரேக்கு எப்படி நிக்குதுன்னு பாத்தீகளா! நீங்க என்னமோ வேலை பாக்கியிருக்குன்னீக.”

“ஆமா தம்பி, பிரமாதம்” என்றேன்.

தம்பிகளே, இந்த வேலையில் சரியாக முடிவெடுத்தால் உங்களுக்குக் கிடைக்கும் பரிசு இதுதான். நடக்காத ஒன்றை யாருக்கும் காட்ட முடியாது. நன்றியை எதிர்பார்த்து நிற்காதீர்கள். நம் தொழிலில் அப்படி நிற்பவனுக்குச் சீக்கிரம் வயிற்றுப்புண் வரும்.

பிள்ளையார்பட்டியில் எல்லாரும் கோயிலுக்குள் போனார்கள். வள்ளி மாலையைச் சரிசெய்வது போலப் பின்தங்கியது.

“அண்ணே, அந்தச் சாஸ்திரம் எந்த ஊருச் சாஸ்திரம்?”

“ஒங்க ரெண்டு வீட்டுலயும் உண்டுன்னு பெரியவுக சொன்னாகளே தாயி.”

“எங்க சித்தி எதச் சொன்னாலும் உண்டும்பாக. நீங்க சொல்லுங்க. பஸ்ஸு நின்னப்ப நீங்க கண்ண மூடிட்டீக. கண்ணாடியில பாத்தேன்.”

இனி மறைப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற துரோகம் என்று தோன்றியது. காலையில் கண்மாய்க்கரையில் நடந்ததைச் சொன்னேன். பின்சீட்டுக்குப் பாரம் ஏற்றியது எதற்காக என்றும் சொன்னேன். பயந்து அழும் என்று நினைத்தேன். அழவில்லை.

“அப்ப நாளைக்கு நாங்க ரெண்டு பேரு மட்டும் போனா?”

“மழை இல்லாட்டி ஒண்ணும் பயமில்ல.”

“மழை பேஞ்சா?”

நான் அரிசி கிடந்த டிக்கியைத் திரும்பிப் பார்த்தேன். வள்ளி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனது.

சந்நிதியில் வைத்து எடுத்த கார்ச்சாவியை வைரவன் விரலில் சுழற்றிக்கொண்டே வெளியே வந்தான். வள்ளி கையை நீட்டியது.

“ஏங்க, சாமிகிட்ட வச்ச சாவிய அன்னைக்குப் பொண்டாட்டி கையிலதான் குடுக்கணும். அந்த வண்டியில அன்னைக்கு வீட்டுக்குத் திரும்பக் கூடாது. எங்க பக்கம் அதான் சாஸ்திரம்.”

“ஆமாய்யா, அது உண்டு” என்றார் அயித்தை, உடனே.

வைரவன் பரிதாபமாக என்னைப் பார்த்தான். “இப்படி ஒண்ணு இருக்காண்ணே?”

“ரொம்பப் பழசு தம்பி” என்றேன்.

வேன் வந்தது. எல்லாரும் ஏறினார்கள். வள்ளி கடைசியாக என் பக்கம் வந்து சாவியை என் கையில் வைத்தது. “வேலைய முழுசா முடிச்சிட்டுக் குடுங்கண்ணே, எத்தனை நாளானாலும். இவுககிட்ட நான் பேசிக்கிறேன்” என்றது. போகப் போனது நின்று திரும்பியது.

“நீங்க இப்பத் தனியாத்தான போறீக? அந்த அரிசிச் சிப்பத்த இறக்க வேணாம்னு சொல்லிட்டேன். அப்படியே வச்சு ஓட்டிட்டுப் போங்க.”

ஆயுசு முழுக்க அடுத்தவர்களுக்காக அவர்களுடைய வண்டிகளை ஓட்டிப் பார்த்தவன் நான். ‘வண்டி நல்லா இருக்கா’ என்று கேட்காதவர்கள் இல்லை. ‘நீ எப்படித் திரும்பிப் போவாய்’ என்று நினைத்தது, கழுத்தில் மாலையோடு நின்ற அந்தப் பெண் ஒன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல வெட்கம் ஒன்றுமில்லை. வேன் மறையும்வரை சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு டிக்கியில் அரிசியோடு, நிதானமாக, காரைக்குடிக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன்.